யாரும் விரட்டாத ஓட்டம்

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை வழியாகக் கிழக்கு நோக்கிப் போகும் வீதியில் இருக்கிறது உடப்புசல்லாவை. ஒரு கடைத்தெரு, பஸ் தரிப்பிடம், வைத்தியசாலை, கோயில், விகாரை. அவற்றைத் தாண்டினால் எந்தப் பக்கம் பார்த்தாலும் தேயிலைதான். தேயிலைக்கு நடுவே வரிசை வரிசையாக லயங்கள். லயங்களுக்கு மேலே காற்றைத் தடுக்க நட்ட சவுக்கும் யூக்கலிப்டஸும்.

இந்த ஊரின் பெயரில் ஒரு புகையிரதப் பாதையே இருந்தது. 1903இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கும், 1904இல் கந்தப்பளை ஊடாக இராகலைக்கும் போடப்பட்ட ஒடுக்கமான பாதை அது. 'உடப்புசல்லாவைப் பாதை' என்று பெயர் வைத்தார்களே தவிர, அது உடப்புசல்லாவைக்கு வந்து சேரவில்லை. இராகலையோடு நின்றுவிட்டது. தேயிலைப் பெட்டிகளை ஏற்றப் போட்ட பாதை, லொறிகள் வந்ததும் நட்டத்தில் ஓடியது. நுவரெலியாவுக்கு அப்பாலுள்ள பகுதியை 1940இலும் மிகுதியை 1948இலும் மூடிவிட்டார்கள். பெயர் மட்டும் வந்து பொருள் வந்து சேராத கதைகள் மலையகத்தில் நிறைய உண்டு. இது அவற்றில் ஒன்று.

இலங்கைத் தேயிலை விளையும் ஏழு பிரதேசங்களில் உடப்புசல்லாவையும் ஒன்று. ஏறக்குறைய 950 மீற்றரிலிருந்து 1,600 மீற்றர் வரை உயர்ந்த மலைகள். தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவுகளிலேயே பெய்து தீர்ந்துவிடுவதால், யூலை முதல் செப்டெம்பர் வரை இங்கே வரண்ட காற்று வீசும். அந்த மாதங்களில் கொழுந்து மெதுவாகத்தான் வரும். ஆனால் அப்போது எடுக்கும் தேயிலைக்குத்தான் மணமும் சாயமும் அதிகம். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் பிற்பகல் மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கி, பக்கத்து லயத்தின் கூரை கூடத் தெரியாமல் போகும்.

வேலை நிமித்தமாக நான்கு மாதங்கள் இந்த ஊரில் தங்கினேன். பகலில் பெண்கள் குழுக்களைச் சந்திப்பேன். கடன், சேமிப்பு, குடும்ப வன்முறை, பிள்ளைகளின் படிப்பு என்று பேச்சு நீளும். இரவில் அறையில் புத்தகம் அல்லது மடிக்கணினியில் ஒரு படம். இரண்டுக்கும் நடுவே, மாலை ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில், தோட்டத்து வீதியில் ஓடுவேன். முதல் நாள் இரவில் வாசித்ததும் பார்த்ததும் அந்த ஓட்டத்தில் கூடவே வரும். அப்படி வந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"யாரு வெரட்டுறா?"

தோட்டத்தில் மாலை என்பது பெண்களுக்கு ஓய்வு நேரம் அல்ல. நாலரை மணியளவில் கடைசி நிறுவை முடியும். பல தோட்டங்களில் ஒரு முழுப்பேர் போட நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்தும் அதற்கு மேலும் எடுக்க வேண்டும். கூடையை இறக்கியதும் பிள்ளைக்காம்பராவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வழியில் இரண்டு கட்டு விறகும் பொறுக்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். பிறகு தண்ணீர், அடுப்பு, ரொட்டி, துணி. அந்த நேரத்தில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஒருத்தி வீதியில் ஓடினால் எப்படியிருக்கும்? முதல் வாரம் முழுவதும் வாசல்களில் பேச்சு நின்றது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கொஞ்சத்தூரம் கூட ஓடி வந்தார்கள்.

இரண்டாவது வாரம், மேல்கணக்கு லயத்தின் கடைசிக் காம்பரா வாசலில் இருந்த ஒரு அம்மா என்னை மறித்தார். எழுபது வயதை நெருங்கியவர்.

"என்னா மிஸ், யாரு வெரட்டுறா ஒங்கள?"

"யாரும் விரட்டேல்லை அம்மா. சும்மா ஓடுறன்."

"சும்மா ஓடுறதா?" என்று கொஞ்ச நேரம் என் காலையே பார்த்தார். "நாங்க ஓடுனது ஒண்ணுகூட சும்மா இல்லியே."

அவர் இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். 1977 கலவரத்தில் லயம் எரிந்தபோது, பெற்றோருடனும் தங்கை தம்பிகளுடனும் இரவோடு இரவாக மலையிறங்கி, கடைசியில் கிளிநொச்சிக்குப் போனவர். காட்டை வெட்டிக் குடிசை போட்டு, அங்கேயே கலியாணம், அங்கேயே பிள்ளைகள். 2008 கடைசியில் அங்கிருந்தும் ஓட்டம். விசுவமடு, தருமபுரம், சுதந்திரபுரம், மாத்தளன் என்று அவர் ஊர்ப்பெயர்களை அடுக்கியபோது, நம் வாசகிகள் பலரும் அதே வரிசையில் அந்தப் பெயர்களைச் சொல்லக் கேட்டது நினைவுக்கு வந்தது. மாத்தளனில் ஒரு மகனை இழந்தார். முகாமில் ஒன்றரை வருடம். பிறகு தம்பி தேடி வந்து தோட்டத்துக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இவர் ஒருவருடைய கதை மட்டுமல்ல இது. 1958, 1977, 1983 வன்செயல்களின்போது தோட்டங்களை விட்டு ஓடிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் குடியேறின. காந்தியம் போன்ற அமைப்புகள் எழுபதுகளில் அவர்களுக்குக் காணி காட்டிக் குடியமர்த்தின. பாதுகாப்புத் தேடிப் போன இடமே பிறகு போர்க்களமானது. எல்லைக் கிராமங்களில் முதல் அடி இவர்களுக்கு விழுந்தது. இறுதிப் போரிலும் இவர்கள் இருந்தார்கள். 'போரினால் பாதிக்கப்பட்டோர்' என்று நாங்கள் அறிக்கைகளில் எழுதும்போது வடக்கையும் கிழக்கையும் மட்டும் நினைக்கிறோம். உடப்புசல்லாவையிலும் ஒரு லயத்தின் கடைசிக் காம்பராவில் போர் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஓடினால் குற்றம்

அந்த அம்மா சொன்னதை நினைத்துக்கொண்டே அடுத்த சில நாட்கள் ஓடினேன். அப்போது வாசித்துக்கொண்டிருந்தது 'எரியும் பனிக்காடு'. டாக்டர் பி.எச்.டானியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் ரீ' என்ற நாவலை இரா.முருகவேள் தமிழில் தந்திருக்கிறார். டானியல், வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை செய்தவர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆசை காட்டி அழைத்து வரப்பட்ட கருப்பனும் வள்ளியும் தோட்டத்தில் என்ன ஆனார்கள் என்பதுதான் கதை. இந்த நாவலைத் தழுவித்தான் இயக்குநர் பாலா 2013இல் 'பரதேசி' படத்தை எடுத்தார். தப்பி ஓடிப் பிடிபட்டவனின் கால் நரம்பை அறுக்கும் காட்சி அந்தப் படத்தில் உண்டு. ஓடுகிறவளுக்கு அந்தக் காட்சி சும்மா கடந்து போகாது. கணுக்காலுக்குப் பின்னால் இருக்கும் அந்த நரம்பில்தான் ஒவ்வொரு அடியும் எழும்புகிறது.

இது இந்தியத் தோட்டத்துக் கதை என்று விட்டுவிட முடியாது. இலங்கையிலும் தோட்டத்தை விட்டு ஓடுவது நீண்ட காலம் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. வேலையாள் ஓடினால் நீதிமன்றம், சிறை. இதற்கு மேல் 'துண்டு' என்ற முறையும் இருந்தது. பெரிய கங்காணியிடம் பட்ட கடனின் கணக்கு எழுதிய துண்டு இல்லாமல் இன்னொரு தோட்டம் ஒரு தொழிலாளியை எடுக்காது. கடனோ ஒருபோதும் தீராது. துண்டு முறையை ஒழித்தது 1921இல். அதாவது, நான் ஓடும் இதே வீதியில் நூற்றைந்து வருடங்களுக்கு முன்பு ஒரு பெண் ஓடியிருந்தால், அவளைப் பிடிக்க ஆள் அனுப்பியிருப்பார்கள்.

கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' பழைய புத்தகம், 1964இல் வந்தது. ஆனாலும் இந்த இடத்தில் அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. தொழிற்சங்கக் குடும்பத்தில் வாழ்ந்து, தோட்டத்துப் பெண்களை அருகிலிருந்து பார்த்து எழுதியவர் அவர். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சையாகத் தெரிவது கிட்ட வந்தால் என்ன என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. பஸ்ஸில் போகும் சுற்றுலாப் பயணிக்கும், மாலையில் ஓடும் என்னைப் போன்றவளுக்கும் மலை அழகுதான். அதே மலையில் அட்டைக்கடியோடு நிற்பவளுக்கு அது வேலைத்தளம். இந்த வித்தியாசம் எனக்கு ஒவ்வொரு நாளும் நிறுவைக் கொட்டிலைக் கடக்கும்போது தெரிந்தது.

விருந்தாளியின் கண்ணில் மலை

நான் ஓடும் பாதையில் ஒரு பழைய துரை பங்களா உண்டு. இப்போது அது விடுதி. வாகனத்தில் வந்திறங்குபவர்கள் பனியைப் படம் பிடிப்பார்கள். அதைக் கடக்கும்போதெல்லாம் பிரசன்ன விதானகேயின் 'பரடைஸ்' நினைவுக்கு வரும். 2023இல் வெளிவந்து, பூசான் திரைப்பட விழாவில் பரிசு பெற்ற படம். 2022 பொருளாதார நெருக்கடி நேரத்தில், திருமண நாளைக் கொண்டாட மலையகத்துக்கு வரும் கேரளத் தம்பதியின் கதை. எரிபொருள் வரிசைகளையும் வீதிப் போராட்டங்களையும் கடந்து வந்து, அவர்கள் அழகான ஒரு பங்களாவில் தங்குகிறார்கள். இரவில் அவர்களுடைய கைத்தொலைபேசியும் கணினியும் களவு போகின்றன. யாரையாவது பிடித்தாக வேண்டும். பொலிஸார் மூன்று தோட்டத் தொழிலாளரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அடையாளம் காட்டச் சொல்கிறார்கள். கணவன் காட்டிவிடுகிறான். அதற்குப் பிறகு நடப்பதற்கு ஒரு உயிர் விலையாகிறது.

கணவன் கெட்டவன் அல்ல. அவனுக்குத் தன் வேலை, தன் பொருள், தன் அவசரம் முக்கியம். மனைவி அமிர்தா மட்டும் அந்த மூன்று முகங்களையும் மனிதர்களாகப் பார்க்கிறாள். யாரென்று நிச்சயமில்லாமல் கை நீட்டாதே என்கிறாள். எங்கள் வாசகிகளுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. ஆட்களை வரிசையில் நிறுத்தி, தலையாட்டலுக்காகக் காத்திருந்த நேரம் எங்கள் வீடுகளிலும் வந்துபோயிருக்கிறது. ஒருவருடைய தலையசைப்பில் இன்னொருவருடைய வாழ்க்கை போகும். இந்தப் படம் அந்தப் பயத்தை மலையக லயத்துக்குள் காட்டுகிறது. வடக்கில் இருப்பவர்களும் தோட்டத்தில் இருப்பவர்களும் ஒரே திரையில் ஒருவரை ஒருவர் அடையாளம் காண ஒரு வழி இது என்று நினைக்கிறேன்.

அதே இயக்குநர் 2012இல் எடுத்த 'ஒப நத்துவ ஒப எக்க' படத்தையும் மறுபடி பார்த்தேன். 'நீ இல்லாமல், உன்னோடு' என்று தமிழில் சொல்லலாம். தஸ்தயேவ்ஸ்கியின் ஒரு சிறுகதையை எடுத்து, போர் முடிந்த இலங்கையின் மலையகச் சிறுநகரம் ஒன்றில் வைத்திருக்கிறார். அடகுக் கடை நடத்தும் ஒரு சிங்களவர். போரில் சகோதரர்களை இழந்து, வடக்கிலிருந்து மலையகத்துக்கு வந்த செல்வி என்ற பெண். நகையை அடகு வைக்க வருபவளை அவர் கலியாணம் கட்டுகிறார். அன்பாகத்தான் இருக்கிறார். ஆனால் தான் முன்பு இராணுவத்தில் இருந்ததை அவர் சொல்லவில்லை. அது தெரிந்த நாளிலிருந்து அந்தச் சிறிய வீட்டுக்குள் போர் மறுபடி தொடங்குகிறது.

செல்வி சத்தமாக அழுவதில்லை. தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்க்கும் கணவனுக்குப் பக்கத்தில் பேசாமல் இருக்கிறாள். 'வாயைத் திறந்து பேசுங்கள்' என்று நாங்கள் ஆலோசனை வகுப்புகளில் எளிதாகச் சொல்கிறோம். பேசக்கூடிய இடமும் கேட்கக்கூடிய ஆளும் இல்லாத வீட்டில் ஒருத்தி எங்கே பேசுவாள்? அந்தப் பெண்ணுக்கு வீட்டுக்கு வெளியே தனக்கென்று ஒரு மணித்தியாலம் இருந்திருந்தால் என்று நான் ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே நினைத்தேன். அது எல்லாவற்றையும் தீர்த்திருக்காது. ஆனால் நான்கு சுவர்களுக்குள் மட்டும் அவள் துக்கத்தைச் சுமக்க வேண்டி வந்திருக்காது.

மூன்று பிள்ளைகளும் ஒரு வதந்தியும்

மூன்றாவது வாரம் என்னோடு ஓட மூன்று பெண்பிள்ளைகள் வந்தார்கள். ஒருத்தி உயர்தரம் எழுதிவிட்டு வீட்டிலிருந்தவள். ஒருத்தி கொழும்பில் ஆடைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வந்தவள். மூன்றாமவள் கடைத்தெருவில் தையல் பழகுகிறவள். சப்பாத்து ஒருத்தியிடம்தான் இருந்தது. மற்ற இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓடினார்கள். சின்ன வயதிலிருந்து மலை ஏறி இறங்கிய கால்கள். ஏற்றத்தில் என்னை விட்டுவிட்டு முன்னே போய்விடுவார்கள்.

பத்து நாட்கள் கழித்துப் பேச்சு கிளம்பியது. பொம்பிளைப் பிள்ளைகள் பொழுது சாயும் நேரம் ஸ்டோர் வளைவுக்கு அப்பால் போகிறார்கள், அங்கே யாரையோ சந்திக்கிறார்கள் என்று. யார் பார்த்தது என்று கேட்டால் ஒருவரும் இல்லை. ஆனால் தையல் பழகுகிறவளின் தகப்பன் அவளை நிறுத்திவிட்டார். சமூகவியலில் இதைச் சமூகக் கட்டுப்பாடு என்று படித்தோம். பெண்ணைப் பூட்டி வைக்கப் பூட்டு வேண்டியதில்லை, பேச்சே போதும் என்பதுதான் அதன் எளிய பொருள்.

அந்த வீட்டுக்குப் போனேன். தகப்பன் கோபக்காரர் அல்ல, பயந்தவர். "நாளைக்கு ஒண்ணுன்னா நீங்க போயிருவீங்க மிஸ். நாங்கதான் இந்த லயத்துல இருக்கணும்" என்றார். நியாயமான வார்த்தை. வெளியிலிருந்து வருகிற எங்களைப் போன்றவர்கள் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். பாதையை மாற்றலாம் என்று பேசினோம். ஸ்டோர் வளைவுக்குப் போகாமல், கோயிலிலிருந்து பிரட்டுக் களம் வரை, எல்லா லயங்களின் கண்ணிலும் படும்படி. மேல்கணக்கு அம்மா வாசலில் இருந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அந்தப் பிள்ளையின் தாய் அதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. கடைசியில், "நானும் கூட நடக்குறேன்" என்றார். தகப்பனுக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தாய் வாரத்தில் இரண்டு நாள் வந்தார். ஓடவில்லை, நடந்தார். நாள் முழுவதும் மலையில் நடக்கிற ஒருத்திக்கு மாலையில் இன்னும் நடை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் அவரிடம் கேட்டேன். "மலையில நடக்கையில முதுகுல கூட இருக்கும். இப்ப ஒண்ணுமில்ல" என்றார்.

ஓட்டத்தைப் பற்றிய படங்கள்

பிள்ளைகளுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை 'பாக் மில்கா பாக்' படத்தை மடிக்கணினியில் போட்டேன். 2013இல் வந்த ஹிந்திப் படம். 'ஓடு மில்கா ஓடு' என்பதுதான் பெயரின் பொருள். இந்தியாவின் புகழ்பெற்ற ஓட்ட வீரர் மில்கா சிங்கின் கதை. 1947 பிரிவினைக் கலவரத்தில் பெற்றோரையும் உறவினரையும் இழந்து, அகதியாக டெல்லிக்கு வந்தவர். 1960 ரோம் ஒலிம்பிக் 400 மீற்றரில் நான்காவதாக வந்து பதக்கத்தைத் தவறவிட்டார். 2021இல் காலமானார். படத்தில், சாகும் தகப்பன் சிறுவனைப் பார்த்து ஓடச் சொல்லும் குரல்தான் அவரை வாழ்நாள் முழுவதும் துரத்துகிறது. உயிர் தப்ப ஓடிய கால்களே பிறகு பந்தயத்தில் ஓடின. பயத்தில் ஓடுவதையும் விரும்பி ஓடுவதையும் அந்தப் படம் ஒரே மனிதரின் உடம்பில் காட்டுகிறது.

படம் முடிந்ததும் ஒரு பிள்ளை கேட்டாள்: "பொம்பளைங்க ஓடுற படம் இல்லியா மிஸ்?"

படத்தைவிட நல்ல கதைகள் இருக்கின்றன என்றேன். 1928 ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடிக் களைத்ததைக் காரணம் காட்டி, 1960 வரை அந்தப் போட்டியையே நிறுத்தி வைத்தார்கள். 1967இல் அமெரிக்காவின் பொஸ்ரன் மரதனில் பதிவு செய்து ஓடிய கத்ரின் சுவிட்சர் என்ற பெண்ணை, ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிகாரி ஒருவர் பாய்ந்து பிடித்து வெளியே இழுக்கப் பார்த்தார். அவர் ஓடி முடித்தார். பெண்களுக்கான மரதன் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1984இல்தான். நம் நாட்டில் கிராமத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்த சுசந்திகா ஜயசிங்க, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரில் பதக்கம் வென்றார்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த கதை முல்லைத்தீவிலிருந்து வந்தது. முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா, 2023இல் தன் 72ஆவது வயதில் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் 1,500 மீற்றர் ஓட்டத்திலும் 5,000 மீற்றர் வேக நடையிலும் தங்கம் வென்றார். போர் மிதித்துப் போன மாவட்டத்தின் ஒரு பாட்டி. அவருடைய படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டினேன். மேல்கணக்கு அம்மா அதை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "எனக்கும் இந்த வயசுதான்" என்று மட்டும் சொன்னார்.

நடந்தே வந்தவர்கள்

2023 யூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த நடைபவனி பலருக்கும் நினைவிருக்கும். மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 வருடங்கள் ஆனதை நினைவுகூர்ந்து நடந்தார்கள். அவர்களுடைய மூதாதையர், படகில் வந்திறங்கி, காட்டு வழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்த அதே பாதை. வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் எத்தனையோ பேர் விழுந்தார்கள். எழுந்து நடக்க முடியாதவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள்.

இதை வாசிக்கும்போது தமிழ்க்கவி அம்மாவின் 'ஊழிக்காலம்' நினைவுக்கு வராமல் இருக்காது. வன்னியின் கடைசி இடப்பெயர்வை, வீட்டுச் சாமான்களையும் பேரப்பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஊர் ஊராக நகரும் ஒரு முதிய பெண்ணின் கண்களால் சொல்லும் நாவல் அது. 2013இல் வந்தது. எதை எடுப்பது, எதை விடுவது, பங்கர் எங்கே வெட்டுவது, மாவை எதில் குழைப்பது என்று அதில் வருவதெல்லாம் பெண்களின் கணக்குகள். இருநூறு வருடங்களுக்கு முன்பு மாத்தளைக் காட்டில் நடந்த பெண்ணும் இதே கணக்குகளைத்தான் போட்டிருப்பாள். அவள் எழுதி வைக்கவில்லை. தமிழ்க்கவி எழுதி வைத்திருக்கிறார். எழுதக் கூடியவர்கள் எழுதுங்கள் என்று வாசகிகளைக் கேட்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

நீங்களும் நடக்கலாம்

தோழியரே, இதை வாசித்துவிட்டு எல்லோரும் சப்பாத்து வாங்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. உங்களில் சிலர் ஒரு காலை இழந்தவர்கள். சிலருடைய உடம்பில் இன்னும் குண்டுச் சிதறல்கள் இருக்கின்றன. உங்களுக்கு ஏற்ற அசைவு எது என்பதை உங்கள் வைத்தியரோ இயன்மருத்துவரோ சொல்ல வேண்டும். சக்கர நாற்காலியில் முற்றத்தைச் சுற்றி வருவதும், செயற்கைக் காலோடு படலை வரை போய் வருவதும் இந்தக் கணக்கில் சேரும்.

எங்கள் பெண்களோடு வேலை செய்ததில் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்கிறேன். வேகமாக ஓடினால் நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும். போரில் பயந்து ஓடிய உடம்பு அந்தப் படபடப்பை மறக்கவில்லை. சிலருக்கு அதுவே பழைய காட்சிகளைக் கொண்டு வந்துவிடும். அப்படி வந்தால் அது உங்கள் பலவீனம் அல்ல. நின்று, காலடியில் இருக்கும் மண்ணைப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவளோடு பேசுங்கள். அடுத்த நாள் மெதுவாக நடையில் தொடங்குங்கள். பேசிக்கொண்டே நடக்கக் கூடிய வேகம்தான் ஆரம்பத்துக்குச் சரியான வேகம்.

பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடங்களாவது மிதமான உடலசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாளுக்கு இருபது நிமிடங்களுக்குச் சற்று அதிகம். அதை ஒரேயடியாகச் செய்ய வேண்டியதில்லை. தொடர்ந்து நடப்பவர்களுக்குத் தூக்கம் திருந்துகிறது, மனப்பாரம் குறைகிறது. மருந்து எடுப்பவர்கள் அதை நிறுத்தக் கூடாது. நடை மருந்துக்குத் துணை. மருந்துக்குப் பதில் அல்ல.

தனியே போகாதீர்கள். இரண்டு பேராவது சேருங்கள். எல்லோர் கண்ணிலும் படும் பாதையைத் தெரிவு செய்யுங்கள். மழைக்காலத்தில் சரிவுப் பக்கம் போகாதீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் செய்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். நடந்து முடிந்ததும் உடனே கலைந்து போகாமல், பத்து நிமிடம் இருந்து பேசுங்கள். ஒருத்தி பார்த்த படத்தை மற்றவர்களுக்குச் சொல்லட்டும். ஒருத்தி ஒரு புத்தகத்தின் இரண்டு பக்கத்தை வாசிக்கட்டும். எங்கள் துக்கத்தை நேராகச் சொல்ல வராதபோது, கதையில் வரும் செல்வியைப் பற்றியோ வள்ளியைப் பற்றியோ பேசுவது எளிது. அப்படிப் பேசத் தொடங்கியவர்கள் ஒரு கட்டத்தில் தங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். உடப்புசல்லாவையில் நான் பல முறை கண்டது இது.

2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. 2024இல் 1,350 ரூபாயானது. இவற்றுக்காக எத்தனை வருடங்கள் போராடினார்கள் என்பது நாடறிந்தது. காணியும் வீடும் இன்னும் பெரும்பாலானோருக்கு வந்து சேரவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் தாய்மார் வடக்கிலும் கிழக்கிலும் 2017இலிருந்து வீதியில் இருக்கிறார்கள். ஒரு மணித்தியால நடை இவை எதையும் பெற்றுத் தராது. ஆனால் இவற்றுக்காக நிற்கப் போவது எங்கள் கால்கள்தான். அந்தக் கால்களை இவ்வளவு காலமும் மற்றவர்கள்தான் ஓட வைத்தார்கள். நாளில் கொஞ்ச நேரமாவது, யாரும் விரட்டாமல், நாங்கள் விரும்பிய பக்கம் அவை போகட்டும்.